மரியோ ஸ்பெட்சி: தொடர் கொலைகாரனைத் தேடிப் போய்க் கைதான நிருபர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் 1968 முதல் 1985 வரை எட்டு ஜோடிகளைச் சுட்டுக் கொன்றவனை அந்த ஊரில் 'ஃபுளோரன்ஸின் அரக்கன்' என்பார்கள். சமீபத்தில் இதை வைத்து ஓடிடி தொடர் ஒன்று வந்த பிறகு, கொலைகாரன் யார் என்று கேட்பவர்களைவிட, "அந்தக் கிரைம் நிருபரை எதற்கு உள்ளே தள்ளினார்கள்?" என்று என்னிடம் கேட்பவர்கள்தான் அதிகம். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சடலங்களை என்ன செய்தான் என்பது போன்ற கோரமான விவரங்கள் தேவைக்கு மேல் இங்கே கிடைக்காது.

யார் இந்த மரியோ ஸ்பெட்சி?

1945-ல் பிறந்தவர். ஃபுளோரன்ஸில் வெளியாகும் 'லா நாட்சியோனே' என்ற நாளிதழின் நிருபர். கொலையாளிக்கு அந்தப் பட்டப்பெயர் ஊர் வாயில் நிலைத்ததற்கும் இவர் எழுத்துக்குப் பங்கு உண்டு. 1983-லேயே இந்த வழக்கைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதிவிட்டார். அதன் பிறகு நீதிபதிகள் மாறினார்கள், அரசு வழக்கறிஞர்கள் மாறினார்கள், விசாரணைக் குழுவின் பெயர்கூட மாறியது. இவர் மட்டும் மாறவில்லை. வழக்கின் பழைய காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று போலீஸைவிட இவருக்கு நன்றாகத் தெரியும் என்ற நிலை வந்துவிட்டது. அவர் மாட்டிக்கொண்டதற்கும் அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. ஒரு கோப்பை அரசாங்கத்தைவிட அதிகக் காலம் கையில் வைத்திருக்கும் ஆளை அரசாங்கம் ரொம்ப நாள் வெறும் பார்வையாளராக நினைக்காது.

அவர் இதில் எப்படி நுழைந்தார்?

தற்செயலாகத்தான். 1981 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக கிரைம் பார்க்கும் நிருபருக்குப் பதிலாக அன்று இவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமையில் பெரிதாக என்ன நடந்துவிடப் போகிறது என்ற எண்ணம் வேறு. முந்தைய இரவு ஸ்கான்டிச்சி பக்கம் காருக்குள் இருந்த ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டிருந்தது. சம்பவ இடத்துக்குப் போனவர்களில் இவரும் ஒருவர்.

அந்த வருடம் அக்டோபரிலேயே கலென்சானோவில் இன்னொரு ஜோடி. அதே துப்பாக்கி. 1974-ல் போர்கோ சான் லொரென்சோ பக்கம் நடந்த பழைய இரட்டைக் கொலையும் இதே துப்பாக்கியால் நடந்தது என்று தெரிந்ததும், இது ஒரே கை என்று ஊருக்கே புரிந்துவிட்டது.

எதற்காக இத்தனை பேர் ராத்திரியில் காட்டுப்பக்கம் காரில் போனார்கள்? பயமே இல்லையா?

தொடர் பார்த்த பலருக்கும் இந்தச் சந்தேகம் வருகிறது. அந்தக் காலத்து இத்தாலியில் கல்யாணம் ஆகும்வரை பிள்ளைகள் பெற்றோர் வீட்டில்தான் இருப்பார்கள். தனியாக இருக்க இடம் கிடையாது. கையில் இருப்பது ஒரு சின்ன கார், ஊருக்கு வெளியே ஆலிவ் தோப்பும் திராட்சைத் தோட்டமும். அவ்வளவுதான். இவர்களை ஒளிந்து பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் அந்தக் குன்றுகளில் இரவில் திரிந்தது. அவர்களுக்குள் நல்ல இடத்தை ஆளுக்கு ஆள் பங்கு போட்டுக்கொள்ளும் வழக்கம்கூட இருந்தது என்பது 1981 விசாரணையில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஆம்புலன்ஸ் டிரைவர், பேப்பரில் வருவதற்கு முன்பே கொலையைப் பற்றிப் பேசியதால் கைதானார். அவர் ஜெயிலில் இருக்கும்போதே அக்டோபர் கொலை நடந்தது. வெளியே விட்டார்கள்.

பிறகு பயம் வந்தது, நன்றாகவே வந்தது. இளைஞர்களை எச்சரிக்கும் போஸ்டர்கள் ஒட்டினார்கள், அமாவாசையை ஒட்டிய சனி இரவுகளில் மலைப்பாதைகள் காலியாகின. 1985-ல் கடைசியாகச் செத்தவர்கள் பிரான்ஸிலிருந்து வந்து சான் கஷ்ஷானோ அருகே ஸ்கோப்பெத்தியில் கூடாரம் போட்டிருந்த இருவர். 1983-ல் செத்த ஜெர்மானிய இளைஞர்கள் இருவரும் ஆண்கள். வேனில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அதில் ஒருவருக்கு நீளமான பொன்னிற முடி. இருட்டில் கொலைகாரன் பெண் என்று நினைத்திருப்பான் என்பதுதான் பொதுவான கருத்து.

1968 கொலையை ஏன் இதோடு சேர்க்கிறார்கள்? அதில் குற்றவாளி அப்போதே கிடைத்துவிட்டாரே?

இந்த வழக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த, அதே சமயம் தலையைச் சுற்றவைக்கும் பகுதி இது.

1968 ஆகஸ்ட் 21 இரவு, சிஞா என்ற ஊரருகே காரில் ஒரு பெண்ணும் அவரது காதலரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பின் சீட்டில் அந்தப் பெண்ணின் ஆறு வயது மகன் தூங்கிக்கொண்டிருந்தான். நடு இரவு தாண்டி, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு வீட்டின் மணியை அடித்து, 'அம்மாவும் மாமாவும் காரில் செத்துப்போய்விட்டார்கள்' என்று சொன்னான் அந்தப் பையன். கணவர் ஸ்தெஃபானோ மேலே ('மேலே' என்பது குடும்பப் பெயர்) ஒப்புக்கொண்டார், மறுத்தார், மனைவியின் பழைய காதலர்களைக் கைகாட்டினார், மறுபடி ஒப்புக்கொண்டார். 14 வருடத் தண்டனை. விஷயம் முடிந்தது என்று கட்டி வைத்துவிட்டார்கள்.

1982-ல்தான் யாருக்கோ அந்தப் பழைய கோப்பு ஞாபகம் வந்தது. திறந்து பார்த்தால் அதற்குள்ளேயே தோட்டாவும் காலி உறைகளும் பத்திரமாக இருக்கின்றன. சட்டப்படி அவற்றை எப்போதோ அழித்திருக்க வேண்டும். .22 காலிபர் பெரெட்டா கைத்துப்பாக்கி, அடியில் 'எச்' எழுத்து பொறித்த வின்செஸ்டர் தோட்டா, துப்பாக்கியின் ஊசி உறையில் பதித்த அதே தடம். ஸ்தெஃபானோ மேலே 1974-ல் உள்ளே இருந்தவர், 1981-ல் நடந்ததற்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. அப்படியானால் 1968-ல் அந்தத் துப்பாக்கி யார் கையில் இருந்தது, பிறகு யார் கைக்குப் போனது? மேலேயும் அவர் கைகாட்டிய வின்சி சகோதரர்களும் சார்டீனியா தீவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதனால் இந்தக் கோணத்துக்கு 'சார்டீனியத் தடம்' என்று பெயர் விழுந்தது.

அந்தத் தடத்தை ஏன் விட்டார்கள்?

பிடித்தவர்கள் உள்ளே இருக்கும்போதெல்லாம் வெளியே கொலை நடந்தது. 1982-ல் ஃபிரான்செஸ்கோ வின்சியைப் பிடித்தார்கள். 1983 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் செத்தார்கள். 1984 ஜனவரியில் மேலேயின் உறவினர்கள் இருவரைப் பிடித்தார்கள். ஜூலையில் விக்கியோவில் அடுத்த ஜோடி. மூன்றாவது முறையும் இப்படி ஆனதும் ஊர் சிரித்தது. நீதிபதி மரியோ ரொத்தெல்லா விடாமல் அந்தப் பக்கமே தோண்டினார், அரசு வழக்கறிஞர் பியெரோ லுய்ஜி விஞாவுக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது, இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் 1989-ல் ரொத்தெல்லாவே சார்டீனியர்கள் எல்லாரையும் விடுவித்துக் கோப்பை மூடினார்.

ஸ்பெட்சி கடைசிவரை விடாத தடம் இதுதான். கொலைகாரனைத் தேடாதே, துப்பாக்கியைத் தேடு என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

பச்சானி என்ற விவசாயிக்குத் தண்டனை கொடுத்தார்களே, அப்போ அவர் இல்லையா?

பியெத்ரோ பச்சானி நல்ல மனிதர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1951-ல் தன் காதலியோடு இருந்தவனைக் குத்திக் கொன்று ஜெயிலுக்குப் போனவர்; பிறகு சொந்த மகள்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கும் தண்டனை பெற்றவர். ஊரில் யாரும் அவருக்காகக் கண்ணீர் விடவில்லை.

ஆனால் இந்தக் கொலைகளுக்கான சாட்சியம் என்று பார்த்தால் கை சுடும் அளவுக்கு எதுவும் இல்லை. 1992 ஏப்ரலில் நாள்கணக்கில் அவர் தோட்டத்தைத் தோண்டி, திராட்சைக் கொடிக்கான கம்பத்தின் துளையிலிருந்து சுடப்படாத ஒரே ஒரு .22 தோட்டாவை எடுத்தார்கள். ஒரு ஜெர்மன் ஓவிய நோட்டு கிடைத்தது, செத்த ஜெர்மானியருடையதாக இருக்கலாம் என்றார்கள். அவர் மனக்கோளாறைக் காட்டுகிறது என்று ஓர் ஓவியத்தைக் காட்டினார்கள். கடைசியில் பார்த்தால் அது ஒரு சிலி நாட்டு ஓவியர் வரைந்தது, இவர் அதன் பிரதிக்குக் கலர் அடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

1994 நவம்பரில் ஆயுள் தண்டனை. 1996 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் விடுதலை, அதிலும் அரசுத் தரப்பு வழக்கறிஞர் பியெரோ தோனியே எழுந்து 'இவரை விட்டுவிடுங்கள்' என்று கேட்ட அதிசயம் நடந்தது. தீர்ப்பு வரும் கடைசி நேரத்தில் போலீஸ் நான்கு புதுச் சாட்சிகளை ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று பெயர் மறைத்துக் கொண்டுவந்தது. நீதிமன்றம் கேட்க மறுத்தது. அந்த வருடக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அது நடக்கும் முன் 1998 பிப்ரவரியில் பச்சானி இறந்தார். அவருடைய குடிக் கூட்டாளிகளான மரியோ வன்னிக்கு ஆயுளும், ஜான்கார்லோ லோத்திக்கு 30 வருடமும் (பிறகு 26 ஆனது) கிடைத்தன. சட்டப்படி கடைசி நான்கு இரட்டைக் கொலைகளுக்கு இன்றுவரை குற்றவாளிகள் இவர்கள்தான்.

லோத்தி குற்றத்தை ஒப்புக்கொண்டவர். அவர் சொன்னது நேரத்துக்கு நேரம் மாறியது. அதில் ஒரு வரிதான் பின்னால் வந்த எல்லாக் கூத்துக்கும் விதை: இதற்கெல்லாம் பின்னால் பணம் கொடுத்த ஒரு டாக்டர் இருக்கிறார் என்றார்.

சாத்தான் வழிபாட்டுக் கும்பல் எங்கிருந்து வந்தது?

அந்த டாக்டரிலிருந்துதான். 1985 செப்டம்பரில் கடைசிக் கொலை. ஒரு மாதம் கழித்து அக்டோபர் 8 அன்று பெருஜியாவைச் சேர்ந்த ஃபிரான்செஸ்கோ நார்துச்சி என்ற வசதியான இளம் மருத்துவர் ட்ராசிமேனோ ஏரியில் படகில் போனவர் திரும்பவில்லை. ஐந்து நாள் கழித்து உடல் கிடைத்தது. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. ஊரில் அப்போதே வதந்தி. பெருஜியாவின் அரசு வழக்கறிஞர் ஜூலியானோ மிஞினி 2002-ல் உடலைத் தோண்டி எடுக்கச் செய்தார். ஏரியில் கிடைத்த உடல் வேறு ஒருவருடையது, பிறகு உடல்கள் மாற்றப்பட்டன, நார்துச்சி கொல்லப்பட்டார், காரணம் அவர் சாத்தானை வழிபடும் ஒரு ரகசியக் கும்பலில் இருந்தார், அந்தக் கும்பலுக்காகத்தான் பச்சானி கூட்டம் கொலை செய்தது – இப்படிப் போனது கோட்பாடு. ஃபுளோரன்ஸ் பக்கம் இதை நடத்தியவர் காவல் அதிகாரி மிக்கேலே ஜுத்தாரி. அவர் துப்பறியும் நாவலாசிரியரும்கூட. இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நிருபரும் எழுத்தாளர், போலீஸ் அதிகாரியும் எழுத்தாளர், இருவருக்கும் ஒரே கொலை வழக்கின் மேல் ஆளுக்கு ஒரு கதை இருந்தது என்பதை மறந்தால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

எத்தனை சாட்சிகள் குறைகிறார்களோ அத்தனை பேர் சதியில் சேர்ந்துகொண்டே போனார்கள். ஆதாரம் இல்லை என்றால், ஆதாரத்தை மறைக்கும் அளவுக்குப் பெரிய ஆட்கள் என்று அர்த்தமாம். இந்த மாதிரி தர்க்கத்துக்கு முடிவே கிடையாது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1989-ல் இந்த வழக்குக்காகத் தயாரித்துக் கொடுத்த குற்றவாளிச் சித்திரம் தனி ஆளைத்தான் காட்டியது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

டக்ளஸ் பிரெஸ்டன் யார்? அமெரிக்கருக்கு இதில் என்ன வேலை?

திரில்லர் நாவல் எழுதுபவர். 2000-ல் குடும்பத்தோடு ஃபுளோரன்ஸுக்குக் குடிவந்தார், வேறு ஏதோ ஒரு நாவல் எழுதும் உத்தேசத்தோடு. ஜோகொலியில் வாடகைக்கு எடுத்த வீட்டை ஒட்டிய ஆலிவ் தோப்புப் பக்கம்தான் 1983-ல் அந்த ஜெர்மானியர்கள் கொல்லப்பட்ட இடம் என்று ஸ்பெட்சி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. நாவலை ஓரம் கட்டிவிட்டு இருவரும் சேர்ந்து புத்தகம் எழுத உட்கார்ந்தார்கள். சாத்தான் கும்பல் கதை வெறும் காற்று என்பது அதன் நிலைப்பாடு.

கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்லைக்கூட எடுத்துப் போனார்களாமே, உண்மையா?

ஆமாம். 2004-ல் ஸ்பெட்சி டிவியில் தோன்றி விசாரணை போகும் போக்கை வெளிப்படையாக விமர்சித்தார். அந்த நவம்பரில் ஜுத்தாரியின் ஆட்கள் அவர் வீட்டுக்கு வந்து மணிக்கணக்கில் சோதனை போட்டார்கள். கம்ப்யூட்டர், பல வருடக் குறிப்புகள், கோப்புகள் எல்லாம் போயிற்று. எழுதிக்கொண்டிருந்த புத்தகத்துக்கான சரக்கும் அதில் சேர்த்தி.

கூடவே ஒரு கல். மேல்பக்கம் வெட்டிய பிரமிடு வடிவத்தில் இருக்கும். டஸ்கனியின் பழைய வீடுகளில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அப்படி ஒன்றை முட்டுக் கொடுப்பது சாதாரணம். 1981 அக்டோபரில் கொலை நடந்த இடத்துக்கு அருகே இதே வடிவத்தில் ஒரு கல் கிடைத்திருந்தது. அதை மாந்திரீகப் பொருள் என்று ஜுத்தாரியின் குழு முடிவு கட்டியிருந்ததால், நிருபர் வீட்டுக் கல்லும் சாட்சியப் பொருளாகிவிட்டது. எங்கள் பாட்டி வீட்டு அம்மிக் குழவியை அவர்கள் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்களோ.

மாளிகையில் போலி ஆதாரத்தை வைக்கப் பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு என்ன?

இதை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது, ஏனென்றால் ஸ்பெட்சியின் பக்கம் நிற்பவர்கள் பலரும் இந்த இடத்தில் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். சிறைக்குப் போய் வந்த ஒருவர் மூலம் ஸ்பெட்சிக்கு ஒரு தகவல் வந்தது: பிபியானி என்ற பழைய மாளிகையின் வளாகத்தில் கொலைகாரனுக்குச் சொந்தமான பெட்டிகள் இருக்கின்றன, துப்பாக்கிகூட இருக்கலாம். ஸ்பெட்சியும் பிரெஸ்டனும் முன்னாள் போலீஸ்காரர் ஒருவரோடு அங்கே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள். எதையும் தொடவில்லை, எதையும் வைக்கவில்லை என்பது அவர்கள் தரப்பு. போனை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த விசாரணைக் குழுவோ, அப்பாவி ஒருவரை மாட்டிவிடவும் நார்துச்சி விசாரணையைத் திசைதிருப்பவும் இவர்களே பொருளை வைக்கப் போனார்கள் என்றது.

வைத்ததாக நிரூபணம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு நிருபர் துப்பு கிடைத்ததும் இடத்தைத் தானே பார்க்கப் போகலாமா? செய்தி சேகரிக்கப் போகலாம். ஆனால் கொலை ஆயுதம் இருக்கலாம் என்று நம்பும் இடத்துக்கு, உங்கள் போன் ஒட்டுக்கேட்கப்படலாம் என்று தெரிந்தும், சிறைக்குப் போய் வந்தவரின் பேச்சை நம்பிப் போவது வேறு விஷயம். முப்பது வருட அனுபவமுள்ள நிருபர் அங்கே நிருபராக நடந்துகொள்ளவில்லை, துப்பறிவாளராக நடந்துகொண்டார். அது குற்றமில்லை, ஆனால் எதிரிக்குக் கையில் எடுத்துக் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது.

பிரெஸ்டனை நாட்டைவிட்டே துரத்தினார்களா?

2006 பிப்ரவரியில் மிஞினி அவரைப் பெருஜியாவுக்கு அழைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கேள்வி கேட்டார். வக்கீல் கிடையாது, விசாரணை முழுக்க இத்தாலிய மொழியில். ஒட்டுக்கேட்ட போன் உரையாடலைத் திரும்பத் திரும்பப் போட்டு, இதற்கு என்ன அர்த்தம், அதற்கு என்ன அர்த்தம் என்று குடைந்தார்கள். பொய்ச் சாட்சி சொன்னதாக வழக்கு வரும், இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம் என்ற ரீதியில் சொல்லப்பட்டதாக பிரெஸ்டன் எழுதியிருக்கிறார். அதிகாரபூர்வ நாடுகடத்தல் எல்லாம் இல்லை. ஆனால் இப்படிச் சொன்ன பிறகு குடும்பத்தோடு எவன் அங்கே உட்கார்ந்திருப்பான்? கிளம்பிவிட்டார்.

ஸ்பெட்சியை எப்போது கைது செய்தார்கள்? எத்தனை நாள் உள்ளே இருந்தார்?

2006 ஏப்ரல் 7. புத்தகம் கடைக்கு வர இன்னும் சில நாள்தான் இருந்தது. பெருஜியாவின் கப்பான்னே சிறையில் அடைத்தார்கள். விசாரணையைத் திசைதிருப்பியது, அவதூறாகப் பழி சுமத்தியது, நார்துச்சி சாவில் உடந்தை என்று அடுக்கடுக்காகக் குற்றச்சாட்டுகள். முதல் ஐந்து நாள் வக்கீலைக்கூடப் பார்க்க விடவில்லை. இத்தாலியச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது, பெரும்பாலும் மாஃபியா வழக்குகளில்தான் அது நினைவுக்கு வரும். அறுபது வயது நிருபர் மேல் அதைப் போட்டார்கள்.

நியூயார்க்கிலுள்ள பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு அப்போதைய பிரதமர் பெர்லுஸ்கோனிக்குக் கடிதம் எழுதியது. பிரெஸ்டன் அமெரிக்காவிலிருந்தபடி தெரிந்த எல்லாருக்கும் எழுதினார். ஏப்ரல் 29 அன்று கைதுகளை மறுபரிசீலனை செய்யும் நீதிமன்றம் விடுதலை செய்ய உத்தரவிட்டது. 23 நாள் உள்ளே இருந்திருக்கிறார். 2010-ல் பெருஜியா நீதிபதி பாவ்லோ மிக்கேலி நார்துச்சி வழக்கில் ஸ்பெட்சி உட்பட இருபது பேரை விடுவித்தார். கும்பல் கோட்பாட்டின் முதுகெலும்பு அங்கேயே முறிந்தது.

மிஞினிக்கு ஒன்றும் ஆகவில்லையா?

ஆனது, ஆனால் நிற்கவில்லை. இந்த விசாரணைக் காலத்தில் பத்திரிகையாளர்கள், அதிகாரிகள் மேல் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக 2010 ஜனவரியில் ஃபுளோரன்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஒரு வருடம் நான்கு மாதமும் ஜுத்தாரிக்கு ஒன்றரை வருடமும் விதித்தது. 2011-ல் மேல்முறையீட்டில், இதை விசாரிக்கும் அதிகார வரம்பே ஃபுளோரன்ஸுக்கு இல்லை என்று சொல்லி ரத்து செய்தார்கள். பிறகு காலம் கடந்து வழக்கு கரைந்துபோனது. சட்டப்படி அவர் குற்றவாளி இல்லை. இடையில் 2007-ல் பெருஜியாவில் அமெரிக்க மாணவி அமாண்டா நாக்ஸ் மேல் கொலை வழக்கை நடத்தியவரும் இவர்தான். உலகம் முழுக்க இவர் பெயர் தெரிந்தது அதனால்தான்.

ஸ்பெட்சி யாரைக் கொலைகாரன் என்று நினைத்தார்?

சார்டீனியத் தடத்தோடு தொடர்புள்ள ஓர் ஆளை. புத்தகத்தில் பெயர் இருக்கிறது, நேரில் போய்ப் பேட்டியும் எடுத்திருக்கிறார்கள். நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த ஆள் மேல் இந்தக் கொலைகளுக்காக ஒருபோதும் வழக்குப் போடப்படவில்லை. ஆதாரம் போதாமல் விவசாயியைப் பிடித்தார்கள், டாக்டரைச் சாத்தான் ஆக்கினார்கள் என்று குறை சொல்லிவிட்டு, அதே அளவு ஆதாரத்தில் இன்னொருவரை நான் கைகாட்டினால் அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? துப்பாக்கி எங்கே கைமாறியது என்ற அவருடைய கேள்வி சரியானது. அதற்கு அவர் கொடுத்த பதில் ஊகம்.

வேறு கிரைம் நிருபர்கள் இப்படி வழக்குக்குள்ளே இழுக்கப்பட்டிருக்கிறார்களா?

நிறைய, ஆனால் வேறு வேறு விதமாக. சான் ஃபிரான்சிஸ்கோவில் 'ஸோடியாக்' கொலைகளை எழுதிய பால் ஏவரிக்கு 1970 ஹாலோவீன் சமயத்தில் கொலைகாரனிடமிருந்தே மிரட்டல் அட்டை வந்தது. அவர் துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாட, சக நிருபர்கள் 'நான் பால் ஏவரி இல்லை' என்று பேட்ஜ் குத்திக்கொண்டார்கள். பத்திரிகை ஆபீஸ் நகைச்சுவை அப்படித்தான் இருக்கும். நியூயார்க்கில் 1977-ல் பத்திரிகையாளர் ஜிம்மி பிரெஸ்லினுக்கு 'சன் ஆஃப் சாம்' என்ற தொடர் கொலைகாரன் கடிதம் எழுதினான். பத்திரிகை அதை வெளியிட்டுக் கல்லா கட்டியது என்ற விமர்சனம் இன்றும் உண்டு.

மாசிடோனியாவின் கிச்செவோவில் நடந்தது இதற்கெல்லாம் நேர் எதிர். வயதான துப்புரவுப் பெண்களின் கொலைகளை எழுதிக்கொண்டிருந்த விளாடோ தானெஸ்கி என்ற நிருபரின் செய்திகளில், போலீஸ் வெளியிடாத விவரங்கள் இருந்தன. சந்தேகம் அவர் மேலேயே திரும்பியது. 2008 ஜூனில் கைதானார், மரபணுவும் பொருந்தியது என்றார்கள். விசாரணைக்கு முன்பே சிறை அறையில் இறந்து கிடந்தார். நிருபருக்கு இது எப்படித் தெரியும் என்று போலீஸ் கேட்பது எப்போதும் அபத்தம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஸ்பெட்சி விஷயத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் எளிது: கால் நூற்றாண்டாக அதே கோப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

இப்போது வழக்கு எந்த நிலையில் இருக்கிறது?

அந்த .22 பெரெட்டா இன்றுவரை கிடைக்கவில்லை. 1985 கொலைக்குப் பிறகு அரசு வழக்கறிஞர் சில்வியா தெல்லா மோனிகாவுக்குத் தபாலில் வந்த கவர், பத்திரிகை எழுத்துகளை வெட்டி ஒட்டி முகவரி எழுதியது. 'ரிபப்ளிகா' என்ற சொல்லில் இத்தாலிய எழுத்துக்கூட்டலில் வேண்டிய ஒரு 'பி' குறைவு. அந்தக் கவர், தோட்டாக்கள், பழைய சாட்சியப் பொருள்கள் ஆகியவற்றில் மரபணு கிடைக்குமா என்று அவ்வப்போது புதிதாகப் பரிசோதனை கேட்கிறார்கள். வன்னி, லோத்தி தண்டனை தப்பு என்று சொல்பவர்களும், கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களும் ஆளுக்கு ஒரு காரணத்துக்காகக் கேட்கிறார்கள். லோத்தி, வன்னி, மேலே, விஞா யாரும் இப்போது உயிரோடு இல்லை. ஸ்பெட்சி 2016 செப்டம்பர் 9 அன்று 71 வயதில் நோயால் இறந்தார்.